தவமணி ஆள் அனுப்புவார்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பாதி தல்லாகுளத்தில் என் மருந்துக் கடை வாசலில் திரண்டு நின்றது. உண்மையில் ஐந்து பேர். அப்போதுதான் மேலூரில் மருந்துக் கடை வைத்திருக்கும் ரபீக் போனில் கூப்பிட்டார்.

"அண்ணே, தவமணி அக்கா இறந்துட்டாங்கண்ணே."

நான் சிரித்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். தவமணியை அறிந்த உங்களுக்கு இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? சிரித்துவிட்டு, "தவமணிகிட்டச் சொல்லு ரபீக்கு, இந்தத் தடவை ஆளு சரியில்ல, அழுகை இன்னும் கொஞ்சம் பழகணும்னு" என்றேன்.

ரபீக் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, இது அது இல்லண்ணே. நான் பேரையூருக்குக் கெளம்பிட்டேன். நீங்களும் வாங்க."

கவுன்டரில் வெள்ளைச் சட்டையும் கக்கத்தில் மஞ்சப்பையுமாக ஒரு பெரியவர் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். பழக்கத்தில் வாங்கினேன். எழுத்து கண்ணுக்குத் தெரிந்தது. அது மருந்தின் பெயர் என்பதும் தெரிந்தது. ஆனால் எதுவும் தலைக்குள் போய்ச் சேரவில்லை. அலமாரிப் பக்கம் போன கை, எதற்காக அங்கே வந்தோம் என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. "ஐயா, இப்ப நான் மருந்து குடுக்க முடியாது. என் கை சரியில்ல. வேற கடையில வாங்கிக்கிருங்க" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். மற்ற நால்வரையும் அப்படியே அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினேன். தல்லாகுளம் மருந்து சாம்ராஜ்யத்தை முப்பத்தோரு வருடமாகக் கட்டி ஆளும் நான், கைக்கு வந்த சீட்டைத் திருப்பிக் கொடுத்தது அதுவே முதல் முறை.

பேரையூரில் மருந்துக் கடை வைத்திருந்த தவமணிக்கு வயது ஐம்பத்தொன்று. எனக்கு ஐம்பத்தொன்பது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு என்று என் உடம்பே ஒரு மொத்த மருந்துக் கிடங்கு. அவர் தலைவலித் தைலம்கூடத் தொட்டு நான் பார்த்ததில்லை. வரிசை என்று ஒன்று இருக்கிறது. அதை மீறி எனக்கு முன்னால் எப்படிப் போகலாம் என்று அவரிடமே கேட்க வேண்டும் என்றுதான் பேருந்தில் போகும்போது நினைத்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. காதுக்குள் யாரோ பஞ்சை வைத்து அடைத்தது போல இருந்தது. நடத்துநர் இரண்டு முறை கேட்ட பிறகே ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

பேரையூரில் அவருடைய கணவர் பாண்டியராசன் வாசலில் நின்றிருந்தார். பள்ளிக்கூட வாத்தியார். தவமணி என்னை அண்ணே என்று கூப்பிடப் போய் எனக்கு மாப்பிள்ளையானவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு எத்தனையோ பேரிடம் சொன்னதை எனக்கும் முதலிலிருந்து சொன்னார்.

"எட்டரைக்குக் கடையைத் தொறந்திருக்கா மச்சான். ஒம்பது மணிக்கு நான் இட்லி எடுத்துட்டுப் போறேன், ஸ்டூல்ல உக்காந்து சொவத்துல சாஞ்சிருக்கா. தூங்குறான்னு நெனச்சேன். கடையில தூங்குற ஆளா அவ?"

மாரடைப்பு என்றார்கள். என்னை வீட்டை ஒட்டிய கடைக்குள் கூட்டிப்போய், இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜின் கதவில் தொங்கிய தாளைக் காட்டினார். தினமும் இரண்டு வேளை உள்ளே எத்தனை டிகிரி என்று பார்த்து அதில் எழுதுவது தவமணியின் வழக்கம். அன்றைய காலைக்கான இடத்தில் எட்டு நாற்பது, நாலு டிகிரி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். அந்த நாலு ஒரு நடுக்கமும் இல்லாமல் நேராக நிற்கிறது. அதற்குப் பிறகு அவருக்கு அரை மணி நேரம்கூட இருக்கவில்லை என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். மை காய்ந்திருந்தது. அதுதான் எனக்கு நம்ப முடியாததாக இருந்தது.

மரணச் செய்திக்கு நான் சிரித்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும். இரண்டாம் ஞாயிறுதோறும் மாட்டுத்தாவணியில் டிபன் கடை மாடியில் கூடும் மருந்துக் கடைக்காரர்கள் நம் ஏழு பேருக்கும் அது தெரியும். அவரிடம் மருந்து மட்டும் வாங்கியவர்களுக்குத் தெரியாது.

பல வருடங்களுக்கு முன், மருந்தாளுநர் பதிவைப் புதுப்பிப்பதற்கான ஒரு நாள் பயிற்சி வகுப்பில்தான் தவமணி எனக்கு அறிமுகமானார். பக்கத்து நாற்காலி. நான் அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் வரை நன்றாகத் தூங்கினேன். சாப்பாட்டுக்குப் பிறகு அதைவிட நன்றாகத் தூங்கினேன். மாலையில் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு நோபல் பரிசு பெற்றவனைப் போல நடந்து வந்தவனைத் தவமணி நிறுத்தினார்.

"அண்ணே, நீங்க விட்ட குறட்டையில எனக்குப் பாதி பாடம் கேக்கல. உங்களுக்கும் அதே சான்றிதழ், எனக்கும் அதே சான்றிதழ். இதை வச்சு யாரு தேறுனான்னு ஜனங்க எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது?"

அறிமுகமாகிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு வந்த கோபத்தில் வைகை வற்றியிருக்கும், ஏற்கெனவே வற்றியிருக்காவிட்டால். ஆனால் தேநீர் குடிக்கும்போது அவரே சொன்னார்.

"ஒருத்தரு முட்டி வலின்னு மாத்திரை கேட்டாரு, குடுத்துட்டேன். ரத்தம் உறையாம இருக்க அவரு ஏற்கெனவே ஒரு மாத்திரை போட்டுக்கிட்டிருந்தாரு. நான் கேக்கல, அவரும் சொல்லல. ரெண்டே நாளு, வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்தாரு. பொழைச்சுக்கிட்டாரு. பொழைச்சு வந்து, மறுபடியும் எங்கிட்டயே மருந்து வாங்குனாருண்ணே. அதைத்தான் தாங்க முடியல."

அதிலிருந்து பிறந்ததுதான் ஆள் அனுப்புவது. மாதத்துக்கு ஒரு வெளியாள் நோயாளி வேடத்தில் நம் ஏழு கடைகளில் ஏதாவது ஒன்றுக்கு வருவார். யார் கடைக்கு, என்றைக்கு என்று சொல்லப்படாது. சீட்டு தேவைப்பட்டால், விஷயம் தெரிந்த ஒரு மருத்துவர் எழுதிக் கொடுப்பார். கொடுத்த மருந்து பிரிக்காமல் அடுத்த கூட்டத்தில் மேசைக்கு வரும். என்ன கேட்டோம், என்ன சொன்னோம், உறைமேல் என்ன எழுதினோம், எல்லாவற்றையும் ஆறு பேர் பிரித்து மேய்வார்கள். தவறியவர் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று அந்த மருந்தைப் பற்றி மற்றவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும். தண்டனை அவ்வளவுதான். ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் எழுந்து நின்று பாடம் எடுத்துப் பார்த்தவனுக்குத்தான் அதன் ருசி தெரியும்.

இதனால் வந்த அமளி கொஞ்சமல்ல. ரபீக் ஒருமுறை நீலகிரித் தைலம் கேட்டு வந்த நிஜமான போக்குவரத்துக் காவலரிடம் பதினான்கு கேள்வி கேட்டு, கடைசியில் கண்ணடித்து, "தவமணி அக்கா நல்லா இருக்காங்களா?" என்று விசாரித்தார். காவலர் வண்டியின் காகிதங்களைக் கேட்டார். எனக்கு ஒரு நாள் போன் வந்தது. தன் மனைவி எல்லா மாத்திரையையும் சேர்த்து விழுங்கிவிட்டாள் என்று ஒரு மனிதர் கதறினார். பத்து நிமிடம் எனக்கு உயிரே இல்லை. பிறகு பின்னணியில் தவமணியின் குரல் கேட்டது: "மொதல்ல மூச்சு இருக்கான்னு கேட்டீங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னீங்க, சரிண்ணே. என்ன மாத்திரைன்னு அட்டையை எடுத்துட்டுப் போகச் சொல்லலையே."

ரபீக்கின் போனுக்கு நான் ஏன் சிரித்தேன் என்று இப்போது புரிந்திருக்கும். தவமணியின் பெயரோடு வரும் எந்தக் கெட்ட செய்தியும் முதலில் பரீட்சையாகத்தான் எனக்குப் படும். இன்றைக்கும் பாதி மனது அப்படியே நினைக்கிறது.

தவமணி அடுத்தவரை மட்டும் சோதித்தவர் இல்லை, தன் கடைக்கும் ஆள் அனுப்பச் சொல்வார். அவரைக் கவிழ்க்க நான் நான்கு வருடம் பாடுபட்டேன். ஒரு கோட்டையைப் பிடிக்கக்கூட அத்தனை சூழ்ச்சி செய்திருக்க மாட்டார்கள். கடைசியில் என் மைத்துனியைச் சளிக்கு மாத்திரை கேட்க அனுப்பினேன். வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று தவமணி ஒழுங்காகக் கேட்டார். ஒன்றும் இல்லை என்றாள் மைத்துனி. அவள் கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து விடுபவள் என்பதுதான் நான் வைத்த பொறி. சொட்டு மருந்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. சில சளி மாத்திரைகள் கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றிவிடும். தவமணி மாத்திரையைக் கொடுத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வெற்றி உலா வருவதாக இருந்தேன். ஆனால் தவமணி உறையைப் பார்த்ததும் எழுந்து நின்று, "தப்புதான். அடுத்த மாசம் வரைக்கும் எதுக்கு, இப்பவே சொல்றேன்" என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தார். ஆற அமர ருசிப்பதற்குக்கூட எனக்கு இடம் தரவில்லை. மறுநாளிலிருந்து அவர் கடைக்கு வருகிற எல்லோரிடமும் ஒரு கேள்வி சேர்ந்துகொண்டது: "கண்ணுல, காதுல, மூக்குல எதுவும் விடுறீங்களா?" கால் ஆணிக்குப் பிளாஸ்திரி வாங்க வந்தவரிடமும் கேட்டார்.

இனி என் கதை.

போன மாதத்துக் கூட்டத்தில் தவமணி என் கடை உறை ஒன்றை மேசைமேல் வைத்தார். நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். உள்ளே மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போட வேண்டிய மாத்திரை. தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, ஆளையே கொண்டுபோய்விடும். இது கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே எனக்குத் தெரியும். சீட்டிலும் வாரம் ஒருமுறை என்று தெளிவாக இருந்தது. பேரையூரிலிருந்து தவமணியின் ஆளாக வந்திருந்த அம்மாவிடம் வாயால் சரியாகவே சொன்னேன். ஆனால் நம் உறைகளில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் அச்சடித்திருக்கிறதே, அதில் வாரத்துக்கு இடமில்லை. வாய் வாரம் ஒருமுறை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, கை தன்பாட்டுக்குக் காலைக் கட்டத்தில் டிக் போட்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன்.

"அண்ணே, வீட்டுக்குப் போனா நீங்க சொன்னது மறந்துரும். உறைதான் பேசும்" என்றார் தவமணி.

"எனக்குத் தெரியாதா தவமணி? முப்பத்தோரு வருஷமா இதே வேலை."

"உங்களுக்குத் தெரியும். அதுதாண்ணே பயமா இருக்கு. முப்பத்தோரு வருஷமா டிக் போட்ட கை அது. உங்களைக் கேக்காமயே போடுது."

எனக்கு ரோஷம் வந்தது. வந்தால் எனக்கு இமயமலை அளவுக்குத்தான் வரும். எழுந்து நின்று முழங்கினேன்: "இன்னொரு ஆளை அனுப்பு. அதுலயும் தவறுனேன்னா, கடையில கண்ணாடி போட்டு மாட்டியிருக்கேன்ல பதிவுச் சான்றிதழ், அதை நானே கழட்டிக் கொண்டாந்து உன் கையில குடுக்குறேன். அப்புறம் கவுன்டர்ல நிக்கல."

ரபீக், "என்னண்ணே, இதுக்குப் போயி" என்று இழுத்தார். ஐந்து பேரும் வேட்டி முனையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார்கள். தவமணி மட்டும் தடுக்கவில்லை. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

"சரிண்ணே. அடுத்த கூட்டத்துக்குள்ள ஆள் வரும்."

அவர் அப்படித்தான். ஒருவர் சொன்ன வார்த்தையை விளையாட்டு என்று தள்ளிவிட்டு அவரைச் சின்னவராக்க மாட்டார். அன்று படியிறங்கும்போது என்னிடம் தனியாகச் சொன்னது இது: "சான்றிதழ் நேத்து நாம யாருன்னு சொல்லும்ணே. இன்னைக்குப் பதினோரு மணிக்கு யாருன்னு கவுன்டர்தான் சொல்லணும்."

அதற்குப் பிறகு எனக்கு உறக்கம் போய்விட்டது. வருகிற ஒவ்வொருவரையும் ஒற்றனைப் பார்ப்பது போலப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் ரபீக்கின் போன் வந்தது.

துக்க வீட்டில் அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் என் புத்தி என்ன செய்தது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொரு முகமாகப் பார்த்து, இவரா, இவரா என்று தேடியது. ஆள் வந்துவிட்டாரா, இனிமேல்தானா? வந்திருந்தால் நான் என்ன எழுதிக் கொடுத்தேன்? பதில் தெரிந்த ஒரே ஆள் நடுக்கூடத்தில் கண்ணை மூடிக் கிடந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நாம் ஆறு பேரும் போயிருந்தோம். சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது, வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் என் எதிரில் வந்து நின்றார். கக்கத்தில் மஞ்சப்பை. முகம் பார்த்த முகமாக இருந்தது.

"என்னைத் தெரியுதா? நீங்க தல்லாகுளத்துல என்னையத் திருப்பி விட்டீங்க."

உட்காரச் சொல்லி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"நான் கண்டக்டரா இருந்து ரிடயரானவன். மக வீட்டுக்கு மதுரைக்குப் போறேன்னு தவமணிகிட்டச் சொன்னேன். மொத நாளு சாயங்காலமே சீட்டைக் குடுத்து, இந்தக் கடையில வாங்கிட்டு வாங்கண்ணேன்னுச்சு. நான் கெளம்புனது மொத பஸ்ஸு, இங்க நடந்தது எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க கை சரியில்லன்னு அனுப்பிட்டீங்களா, சரி, போயி விவரத்தைச் சொல்லுவோம்னு திரும்பி வந்தா, கடை வாசல்ல அம்புட்டுக் கூட்டம். யாருகிட்டப் போயி இதைச் சொல்றது?"

மஞ்சப்பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தார். அதே வார மாத்திரை. அன்றைக்கு நான் கையில் வாங்கி, கண்ணால் பார்த்து, மூளைக்கு எட்டாமல் திருப்பிக் கொடுத்த சீட்டு. அனுப்பியவர் இறந்து இரண்டு மணி நேரம் கழித்து என் கவுன்டருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பாண்டியராசன் உள்ளே போய்த் தவமணியின் நோட்டைக் கொண்டுவந்தார். ஆள் அனுப்பும் முன்பே சரியான விடை எது என்று அதில் எழுதிவிடுவது அவர் வழக்கம். பிறகு யாரும் வாதாட முடியாது அல்லவா. என் பெயர் போட்ட கடைசி வரி இப்படி இருந்தது: "குருசாமி அண்ணன். வார மாத்திரைதான் திரும்பவும். கட்டத்தை அடிச்சுட்டுக் கிழமையை எழுதணும். எழுதுவாரு." பக்கத்தில் முடிவுக்கான இடம் காலி.

எழுதுவாரு. அந்த ஒரு சொல்லைப் படித்தபோதுதான், செவ்வாய்க்கிழமை வராத அழுகை வந்தது. நோட்டை ரபீக்கிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ரபீக் நோட்டைப் படித்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, தேறிட்டாருன்னு போட்டுருவோம். கை சரியில்லன்னு தெரிஞ்சு நிறுத்துனீங்கள்ல, அதை விடவா கட்டத்துல கிழமை எழுதுறது பெருசு?" மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். பாண்டியராசன்கூடப் பேனாவை எடுத்துவிட்டார்.

எனக்கும் ஆசைதான். ஆனால் காதில் அந்தக் குரல் கேட்டது. ஏண்ணே, வேற கடைக்குப் போங்கன்னு அனுப்புனீங்களே, இது வாரத்துக்கு ஒண்ணுதான்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புனீங்களா? சொல்லவில்லை. அந்தப் பெரியவர் நிஜ நோயாளியாக இருந்து, அடுத்த கடையிலும் என்னைப் போல ஒரு கை டிக் போட்டிருந்தால்?

"எழுத வேண்டாம் மாப்ள. அது காலியாவே இருக்கட்டும்" என்றேன்.

நண்பர்களே, தவமணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் காலியிடத்தைத்தான். தேறவும் இல்லை, தவறவும் இல்லை. ஆகவே அவர் அனுப்பிய ஆள் இன்னும் என் கடைக்கு வந்து சேரவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். சீட்டோடு வருகிற ஒவ்வொருவரும் பேரையூரிலிருந்து முதல் பேருந்தில் வந்தவராகவே எனக்குத் தெரிகிறார்கள். வார மாத்திரைக்கு மூன்று கட்டத்தையும் சிவப்பு மையில் அடித்துவிட்டுக் கிழமையை எழுதுகிறேன். எழுதியதை அவர்களையே படிக்கச் சொல்லிக் கேட்கிறேன். கண்ணுல, காதுல, மூக்குல எதுவும் விடுறீங்களா என்றும் கேட்கிறேன். கடுப்பாகிறார்கள். ஆகட்டும்.

சான்றிதழ் சுவரில்தான் இருக்கிறது. ஆனால் வார்த்தை கொடுத்தவன் அல்லவா, வேண்டும்போது ஒரே இழுப்பில் கழற்ற வசதியாக அதன் ஆணியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்திருக்கிறேன். அதனால் காலையில் கடையைத் திறக்கும்போதெல்லாம் அது ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. முதலில் ஃபிரிட்ஜைப் பார்த்து டிகிரியை எழுதுகிறேன். பிறகு சான்றிதழை நேராக்குகிறேன். அதற்குப் பிறகுதான் முதல் சீட்டைக் கையில் வாங்குகிறேன்.